நாற்றைத் தின்னுமா தலைப்பிரட்டை?

நாற்றங்காலில் தண்ணீர் கட்டிய சில நாட்களில் கறுப்பாகத் தலைப்பிரட்டைகள் மொய்க்கத் தொடங்கும். நாற்றின் அடித்தண்டில் வாயை வைத்து அவை உரசுவதைப் பார்த்தால், பயிரைத்தான் கடிக்கின்றன என்று தோன்றும். உடனே குருணை மருந்தைத் தேடுபவர்களும் உண்டு. வீண் செலவு.

அவை சுரண்டுவது தண்டின் மேல் வழவழப்பாகப் படிந்திருக்கும் பாசியை. தலைப்பிரட்டையின் வாயில் கிளி மூக்கு போன்ற சின்ன அலகும், அதைச் சுற்றி அரம் போன்ற நுண்ணிய பல் வரிசைகளும் இருக்கின்றன. மனித நகத்தைப் போன்ற பொருளால் ஆனவை அவை. பாசியை வழிக்க அது போதும். விறைப்பான பச்சைத் தண்டை அறுக்கப் போதாது. அழுகிய இலையும் செத்த பூச்சியும்கூட அதற்குத் தீனிதான்.

உள்ளங்கைத் தண்ணீரில் ஒன்றை அள்ளி வயிற்றுப் பக்கம் பார்த்தால், தேன்குழல் பிழிந்தது போல நீளக் குடல் சுருண்டிருப்பது தெரியும். பாசி மெதுவாகச் செரிக்கும், அதற்கேற்ற குடல். கால் முளைத்து வால் சுருங்கும் நாட்களில் அது தின்பதை நிறுத்திவிடும். வால்தான் அப்போது கட்டுச்சோறு. குடலும் குட்டையாகிவிடும். பிறகு கரையேறும் குட்டித் தவளைக்குப் பூச்சிதான் சாப்பாடு. புகையானும் தத்துப்பூச்சியும் அதில் அடக்கம்.

எல்லாமே சைவம் என்று சொல்லிவிட முடியாது. மழைக்காலத்தில் மஞ்சளாக மாறிக் கத்தும் பெரிய தவளையின் குஞ்சு, கொசுப் புழுவையும் மற்றத் தலைப்பிரட்டைகளையும் பிடித்துத் தின்னும்.

மலை ஓடையிலோ பிழைப்பே பாறைப் பாசியில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் கண்டறிந்து 2017-ல் பெயர் சூட்டப்பட்ட ஊதாத் தவளையின் தலைப்பிரட்டைகள், பாய்ந்தோடும் வெள்ளத்திலும் வாயால் பாறையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு பாசியை மேயும்.

இந்த மேய்ச்சல் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பனாமா நாட்டு மலை ஓடைகள் காட்டின. 2004-ல் அங்கே ஒரு பூஞ்சை நோய் தவளைகளை வாரிக்கொண்டு போனது. தலைப்பிரட்டைகள் இல்லாமல் போன ஓடைகளில், கற்கள் மேல் பாசியும் வண்டலும் ஏறின.

வயலில் தலைப்பிரட்டைக்கு வரும் ஆபத்து நோயைவிட மருந்தும் வடிகாலும்தான். தண்ணீரை வடிக்கும்போது தாழ்ந்த மூலையில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி விட்டு வைத்தால், அவை அதில் ஒதுங்கிக்கொள்ளும். கொக்கு வந்து பாதியைப் பொறுக்கும். மிச்சம் தவளையாகிப் பயிருக்குள் ஏறும்.