பெண்ணியமும் கிறித்துவமும்: எழுத்தில் படியும் சார்பு

பெண்ணியத்தைப் பற்றிய கட்டுரைகளில் 'கிறித்துவத்திற்கு எதிரான இயக்கம்' என்னும் தொடரை நாம் அடிக்கடி காண்கிறோம். எழுதுபவர் சமயப் பற்றாளராயின் அது குற்றச்சாட்டாகிறது. சமய மறுப்பாளராயின் பாராட்டாகிறது. இருசாராரும் விரும்பிக் காட்டும் சான்றோ ஒன்றே.

அமெரிக்கப் பெண்ணுரிமையாளர் எலிசபெத் கேடி ஸ்டான்டன் முன்னின்று 1895இலும் 1898இலும் இரு பகுதிகளாக வெளியிட்ட 'பெண்களின் விவிலியம்' என்னும் நூலே அச்சான்று. பெண்களைக் குறித்த விவிலியப் பகுதிகளை எடுத்துக்கொண்டு கடுமையான விளக்கவுரை வரைந்த நூல் அது. ஆயினும், ஸ்டான்டன் முன்னர்த் தலைமை வகித்த தேசிய அமெரிக்கப் பெண் வாக்குரிமைச் சங்கமே, தனக்கும் அந்நூலுக்கும் தொடர்பில்லை என்று 1896இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு 53 வாக்குகள், எதிர்ப்பு 41. இவ்வாறு பிளவுபட்டு நின்ற ஓர் இயக்கத்தின் ஒருமித்த குரலாக அந்நூலைக் காட்டுதல் எங்ஙனம் பொருந்தும்?

அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த வாதத்தை மொழி பயில்வோர் ஊன்றி நோக்குதல் வேண்டும். சாரா கிரிம்கேயும் அவர் தங்கை ஆஞ்செலினாவும் அடிமைமுறைக்கு எதிராக மேடையேறிப் பேசிவந்தனர். பெண்கள் இவ்வாறு பேசுவதைக் கண்டித்து மாசசூசெட்ஸ் சபைப் போதகர்கள் 1837இல் சுற்றுமடல் விடுத்தனர். சாரா விவிலியத்தை மறுத்தாரல்லர். அதனையே விரித்து வைத்து வாதாடினார். கணவன் உன்னை ஆள்வான் என்று ஆதியாகமத்தில் ஏவாளிடம் கூறப்படுவது வரப்போவதை உரைக்கும் கூற்றேயன்றிக் கட்டளையன்று என்றார். எபிரேயத்தில் ஒரே வினைவடிவம் இரு பொருளுக்கும் இடந்தருகிறது. மனைவியரை ஆண்டு பழகிய மொழிபெயர்ப்பாளர்களே ஆங்கிலத்தில் 'வில்' என்பதை விடுத்துக் கட்டளைச் சாயலுள்ள 'ஷல்' என்பதைத் தேர்ந்தனர் என்பது, 1838இல் நூலாக வந்த அவருடைய மடல்களின் வாதம். 'ஆள்வான்' என்பதற்கும் 'ஆளக்கடவன்' என்பதற்கும் உள்ள தொலைவை நம் மாணவர் நன்கறிவர். வாதத்தின் வலிமையை எபிரேயம் கற்றோர் அளக்கட்டும். அதனைக் 'கிறித்துவ எதிர்ப்பு' என்று பெயரிடுவது மட்டும் பிழை.

'எதிர்ப்பு' என்ற சொல்லைக் கண்டவுடன் எதற்கு எதிர்ப்பு என்று நாம் வினவ வேண்டும். சமயத்திற்கா, சபை ஆட்சிக்கா, ஒரு மொழிபெயர்ப்பிற்கா? 1848இல் செனெகா ஃபால்ஸ் ஊரில் கூடிய பெண்ணுரிமை மாநாடு, திருப்பணியிலிருந்து பெண்களை விலக்கியதற்காகத் திருச்சபையைக் குறைகூறியது. அம்மாநாடு கூடிய இடமோ வெஸ்லியன் தேவாலயம். சமயச் சார்புடையோர் அக்குறையை எழுதாது விடுகின்றனர். மறுப்பாளர் அத்தேவாலயத்தை எழுதாது விடுகின்றனர். 1893இல் பெண்கள் வாக்குரிமை பெற்ற நியூசிலாந்திலும் அப்போராட்டத்தை நடத்திய கேட் ஷெப்பர்ட், கிறித்துவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தைச் சேர்ந்தவரே.