வயிற்று வலிக்குப் பேதி மருந்தா?

“பையனுக்கு வயிற்று வலியா? ஒரு கரண்டி விளக்கெண்ணெய் கொடு, பறந்து போகும்!” என்பாள் பாட்டி. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி அடிவயிற்றின் வலப்பக்கம் இறங்கி, வாந்தியும் ஜுரமும் சேர்ந்தால், குடல்வால் வீங்கியிருக்கலாம். விளக்கெண்ணெய், நிலாவரை, கடை மாத்திரை எல்லாமே குடலை முடுக்குபவை. முடுக்கினால் வீங்கிய குடல்வால் வெடித்துவிடக் கூடும். வயிறு உப்பி, காற்றுகூடப் பிரியாவிட்டால் குடலில் அடைப்போ என்று சந்தேகிக்க வேண்டும். அப்போதும் பேதி மருந்து கூடாது. உடனே டாக்டரிடம் போங்கள். (பாட்டியோடு சண்டை வேண்டாம், புட்டியை ஒளித்து வைத்தால் போதும்.)

இருதய நோய்க்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் மாமனார் அடிக்கடி பேதிக்கும் சாப்பிடுகிறாரா? உடம்பிலுள்ள பொட்டாசியம் குறைந்து, இருதயத் துடிப்பே தடுமாறலாம். டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.