காட்டுக்குள்ளே ஒரு வாடகை வீடு!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும்... அமிர்தியில் கூட்டம் களைகட்டும்! வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ., தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். 1967ல் வனத்துறை துவக்கிய சிறிய வன உயிரியல் பூங்கா இங்கே உண்டு. மான், மயில், முதலை எல்லாம் பார்க்கலாம். காட்டுக்குள் நடந்து போனால் ஒரு நீர்வீழ்ச்சி. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீர் கொட்டும். கோடையில் போனால் பாறையைத்தான் பார்க்கலாம்!

மாலையானதும் பூங்காவை மூடி விடுவர். புளிசாதக் கூடையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வண்டி ஏறி விடுவர். 'அமிர்தி பார்த்தாச்சு' என்று மறுநாள் பள்ளியில் பெருமையும் அடிப்போம்.

ஆனால், நாம் கிளம்பிய பிறகுதானே குட்டீஸ், காடே கண் விழிக்கிறது! மயில்கள் மரக்கிளைக்குப் பறந்து போய்த் தூங்கும் நேரத்தில், ஆந்தை வேலைக்குக் கிளம்பும். முயல் புல் மேய வரும். காட்டுப்பன்றி கிழங்கு தோண்டும். இதையெல்லாம் உணர வேண்டுமானால் அங்கேயே தங்க வேண்டும். எப்படித் தங்குவது? ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத்தான்!

முயலின் படுக்கை!

விடுமுறைக்குக் கிராமத்து வீட்டை வாடகைக்கு எடுக்கும் பழக்கத்தில் பிரான்ஸ் நாட்டுக்காரர்கள் கில்லாடிகள். அதற்கு ஒரு காரணம் உண்டு.

1936ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. தொழிலாளர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை! அதுவரை வெளியூரே பார்க்காத ஏராளமான குடும்பங்கள், முதன்முறையாக மூட்டை கட்டிக் கிளம்பின. ஆனால், ஓட்டலில் தங்கப் பலரிடம் பணமில்லை.

அதே காலத்தில், மலைக் கிராமங்களில் வேறொரு சோகம். வேலை தேடி மக்கள் நகரங்களுக்குப் போய்க்கொண்டே இருந்தனர். பண்ணை வீடுகள் பூட்டிக் கிடந்தன, கூரைகள் சரிந்தன.

இரண்டு பிரச்னைகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால்? அதைத்தான் செய்தார், எமில் ஓபேர் என்ற செனட் உறுப்பினர். அவரது முயற்சியில், 1951ல் ஆல்ப்ஸ் மலைப்பகுதிக் கிராமம் ஒன்றில் பழைய வீட்டைப் பழுதுபார்த்து, விடுமுறைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டனர். நகரத்தாருக்குக் குறைந்த செலவில் தங்க இடம். விவசாயிக்கு ஒரு வருமானம். பழைய வீட்டுக்கு மறுவாழ்வு! 1955ல் இத்தகைய வீடுகளுக்குத் தேசியக் கூட்டமைப்பே அமைந்தது.

இந்த வீடுகளுக்கு பிரெஞ்சு மொழியில் 'ழீத்' என்று பெயர். 'படுத்துறங்கும் இடம்' என்று பொருள். முயல் பதுங்கிப் படுக்கும் இடத்துக்கும் அதே பெயர்தான்!

இங்கே ஓட்டல் போல ரூம் பாய் கிடையாது. சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி, தாங்களே சமைத்து, கிளம்பும்போது வீட்டைக் கூட்டிப் பெருக்கி ஒப்படைக்க வேண்டியதுதான்.

நம்ம ஊர் காட்டு பங்களா!

'பிரான்ஸ் ரொம்ப தூரமாச்சே...' என்கிறீர்களா? நம்மூர்க் காடுகளிலும் தங்குமிடங்கள் உண்டு. அவற்றின் பெயர், வன ஓய்வு விடுதி!

ஆங்கிலேயர் காலத்தில், 1856ல் மதராஸ் மாகாணத்துக்கு வனத்துறை அமைந்தது. அதன் முதல் தலைவர், ஹியூ கிளெக்கார்ன் என்ற மருத்துவர். அப்போது ஜீப் ஏது? அதிகாரிகள் குதிரையிலும் நடந்தும்தான் காட்டைச் சுற்றி வந்தனர். இருட்டினால் எங்கே தங்குவது? அதற்காகக் காட்டுக்குள் ஆங்காங்கே பங்களாக்கள் கட்டினர். உயரமான கூரை, காற்றோட்டமான வராந்தா... அடுப்புத் தீ பரவிவிடக் கூடாது என்பதால் சமையல்கட்டு பெரும்பாலும் தனியாகத் தள்ளி இருக்கும்.

அமிர்தியிலும் வனத்துறையின் ஓய்வு விடுதி உண்டு. இத்தகைய விடுதிகளில் தங்க, மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பணிக்கு வரும் அதிகாரிகளுக்கே முதலிடம். அதனால், 'போய்ப் பார்த்துக்கலாம்' என்று பெட்டியோடு போய் நின்றால், அப்படியே திரும்ப வேண்டியதுதான்!

ஆயிரம் வாட்ஸ் வேண்டாம்!

ஜவ்வாது மலையில் இரவு தங்குவோருக்கு இன்னொரு பரிசும் காத்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால்... வானம் முழுக்க நட்சத்திரங்கள்!

நகர வெளிச்சம் எட்டாத இருட்டுக்காகத்தான், இதே மலையில் உள்ள காவலூரை வானியல் அறிஞர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தார். 1977ல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்த குழுக்களில் காவலூர் ஆய்வகமும் ஒன்று. 1986ல் இங்கே 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்டது. ஆய்வகத்துக்கு வைணு பாப்புவின் பெயரையே சூட்டினர்.

இருட்டு இந்த மலையின் சொத்து. வெளியூர்க்காரர் வந்து, தோட்டம் முழுக்க விளக்குப் போட்டு, ஸ்பீக்கரில் பாட்டை அலறவிட்டால் என்ன ஆகும்? நட்சத்திரமும் தெரியாது, முயலும் வராது. எதைத் தேடி வந்தோமோ, அதையே விரட்டி விடுவோம்!

அது யார் வீடு?

ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளக்காரர்கள் என்று நினைத்து விடாதீர்கள். 'மலையை ஆள்பவர்' என்று இதற்குப் பொருள் சொல்வர். சாமை, தினை விளைவிப்பதும், தேன், புளி, கடுக்காய் சேகரிப்பதும் இவர்களது தொழில். ஆனால், மழையை நம்பிய விவசாயம் ஆண்டு முழுவதும் கைகொடுப்பதில்லை. அதனால் பலர் வீட்டைப் பூட்டிவிட்டு, வெளியூர்களுக்குக் கூலி வேலைக்குப் போகின்றனர். பிள்ளைகளின் படிப்பும் பாதியில் நின்று விடுவதுண்டு.

ஆல்ப்ஸ் கிராமங்களின் சோகம் ஞாபகம் வருகிறதா?

விருந்தினர் கொடுக்கும் வாடகை ஊர்க்காரர் கைக்கே போனால், சில குடும்பங்களாவது ஊரை விட்டுப் போகாமல் இருக்கலாம். வெளியூர்ப் பணக்காரர் நிலத்தை வாங்கி பங்களா கட்டினால், வாடகை மலையை விட்டு இறங்கிவிடும்; ஊர்க்காரருக்குத் தோட்டக்காரர் வேலைதான் மிஞ்சும். ஆகவே, வீடு பிடிக்கும்போது, 'ஏ.சி., இருக்கா, டிவி இருக்கா' என்று கேட்கும் அப்பாவிடம், 'வீடு யாருடையது' என்றும் கேட்கச் சொல்லுங்கள். மலைக்காரர் விளைவித்த சாமை அரிசியும், எடுத்த தேனும் வாங்கிச் சமையுங்கள். நீங்கள் கொடுக்கும் காசு அந்த ஊரிலேயே தங்கும்.

கிளம்பும் முன்...

* தங்க அனுமதி கிடைத்த பிறகே பயணத்தைத் திட்டமிடுங்கள். பெரியவர்கள் அடையாள அட்டை எடுத்துக்கொள்ளட்டும்.

* 'தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று கேளுங்கள். கோடையில் நீங்கள் திறந்துவிடும் ஷவர், இன்னொரு வீட்டின் குடிநீராக இருக்கலாம். வாளியில் குளித்தால் போதும்!

* இரவில் டார்ச் இல்லாமல் வெளியே வராதீர்கள். காலையில் ஷூவைத் தட்டிப் பார்த்த பிறகு போடுங்கள். தேளோ, பாம்போ உள்ளே குடியிருக்கலாம்!

* குரங்குக்குத் தின்பண்டம் தராதீர்கள். பழகிவிட்டால், அடுத்து வருபவரின் கையிலிருந்து பிடுங்கும்.

* ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு, 2019 முதல் தமிழகத்தில் தடை. கொண்டு போன குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

* பெரியவர் துணையின்றிக் காட்டுக்குள்ளோ, அருவிப் பக்கமோ போகவே கூடாது.

வாடகை கொடுத்துவிட்டால் வீடு சில நாட்களுக்கு நம்முடையது. ஆனால், காடு? அது மயிலுக்கும், முயலுக்கும், மலை மக்களுக்கும் சொந்தம். நாம் அங்கே விருந்தாளிகள். 'இந்தப் பிள்ளைகள் மறுபடியும் வரட்டும்' என்று வீட்டுக்காரப் பாட்டி சொல்லும்படி நடந்துகொள்ள வேண்டும்.

என்ன குட்டீஸ்... அடுத்த லீவுக்கு டார்ச்சை எடுத்து வைக்கலாமா?