சிலைகள் சொல்லும் அரசியல் – 9: கைகூப்பி நிற்கும் பேரரசர்

திருமலையில் மணிக்கணக்காகக் காத்திருந்து மகாத்துவாரத்தை நெருங்கும்போது, நம் கண் முன்னால் நிற்பவரின் முதுகில்தான் இருக்கும். பிள்ளையின் கையை இறுகப் பிடித்திருப்போம். ‘கோவிந்தா’ முழக்கத்துக்கு நடுவே ‘ஜருகண்டி, ஜருகண்டி’ என்ற குரல் நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். வாசலைத் தாண்டியதும் வரும் மண்டபத்தின் வலப்பக்கத்தில் மூன்று பேர் கைகூப்பி நிற்கிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளாக அவர்கள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

நடுவில் நிற்பவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர். இருபுறமும் தேவியர் திருமலாதேவியும் சின்னாதேவியும். செப்புத் தகட்டைத் தட்டித் தட்டி உருவாக்கிய சிலைகள்.

‘எவ்வளவு பெரிய ராஜா, பெருமாள் முன்னால் எவ்வளவு பணிவு!’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடலாம். அந்தப் பணிவு உண்மையானது. ஆண்டாளின் கதையை ‘ஆமுக்தமால்யதா’ என்று தெலுங்குக் காவியமாகவே எழுதியவரின் பக்தியைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கூப்பிய கைகளுக்குள் ஓர் அரசாணையும் இருக்கிறது.

அவர் மலையேறிய ஆண்டுகளைப் பாருங்கள். முதல் முறை 1513 பிப்ரவரியில். ஒடிசாவின் கஜபதி மன்னர் பிரதாபருத்திரரோடு போர் மூண்ட காலம் அது. 1514-இல் உதயகிரிக் கோட்டை விழுந்தது. அங்கிருந்து நேரே திருமலைக்கு வந்தார். 1515-இல் கொண்டவீடு விழுந்தது. 1521-க்குள் ஏழு முறை வந்துவிட்டார். ஆனந்த நிலைய விமானத்துக்குப் பொன் வேய 30,000 பொன் கொடுத்தார். 1518-இல் அந்த வேலை முடிந்தது. மலைமேல் குவிந்தது பக்தனின் காணிக்கை. கூடவே அது வெற்றிச் செய்தியும்.

எதிரி யார் என்பதை யோசித்தால் விஷயம் இன்னும் துலங்கும். 13-ஆம் நூற்றாண்டிலேயே அனங்கபீமன் என்ற கலிங்க மன்னன், ‘இந்த நாட்டின் உண்மையான அரசர் பூரி ஜகந்நாதர், நான் அவருடைய ஊழியன்’ என்று அறிவித்துவிட்டான். அந்த மரபில் வந்தவர்கள்தான் கஜபதிகள். அவர்களை எதிர்ப்பவன் ஜகந்நாதரையே எதிர்த்தவன் ஆகிவிடுவான். அப்படிப்பட்ட எதிரியை வெறும் யானைப்படையால் வென்றுவிட முடியாது. தானும் ஒரு பெருந்தெய்வத்தின் வாசலில் ஊழியனாக நின்று காட்ட வேண்டும். திருமலைச் சிலையை நான் அப்படித்தான் படிக்கிறேன். பணிந்து நிற்பதுதான் அங்கே ஆளும் உரிமைக்கான சாட்சி.

தலையைக் கவனியுங்கள். மார்பில் மேலாடை இல்லை. கோயிலுக்குள் வந்தவருக்கு உரிய கோலம். தலையில் மட்டும் கூம்பு போல உயர்ந்த தொப்பி. அதற்குக் ‘குல்லாயி’ என்று பெயர். பாரசீகத்தின் ‘குலா’விலிருந்து வந்த சொல், நம் குல்லாவும் அதே சொல்தான். சுல்தான்களின் அவைகளில் புழங்கிய உடை விஜயநகர அவைக்கும் வந்துவிட்டது. அந்த அரசர்கள் தங்களை ‘இந்துராய சுரத்ராண’ என்று கல்வெட்டில் அழைத்துக்கொண்டார்கள். சுரத்ராண என்றால் சுல்தான். பிலிப் வேகனர் என்ற ஆய்வாளர் 1996-இல் இதை விரிவாக எழுதினார். வெற்று மார்பு கோயிலுக்குச் சொல்வது ஒன்று, குல்லாயி உலகத்துக்குச் சொல்வது இன்னொன்று. விஜயநகரத்தை வெறும் மதப்போரின் கதையாகச் சுருக்கிச் சொல்கிறவர்கள் இந்தத் தொப்பியின் முன் சற்று நிற்க வேண்டும்.

அதே மண்டபத்தின் இடப்பக்கத்தில் அச்சுதராயரும் தேவி வரதாஜியம்மாவும் கல்லில் நிற்கிறார்கள். கிருஷ்ணதேவராயரின் தம்பியான இவர், திருப்பதிக்குப் பக்கத்துச் சந்திரகிரிக் கோட்டையில் காவலில் இருந்தவர். 1529-இல் அண்ணன் மறைந்ததும் வாரிசுப் போட்டி மூண்டது. தலைநகருக்குப் போகும் முன்பே அச்சுதராயர் திருமலையில் முடிசூடிக்கொண்டார். பெருமாளின் கைச் சங்கிலிருந்து வழிந்த நீரே அவருக்கு அபிஷேக நீர் ஆயிற்று என்று அவருடைய அவைக்கவி ராஜநாத டிண்டிமர் பாடினார். தெய்வமே முடிசூட்டிய பிறகு போட்டியாளருக்கு என்ன வாதம் மிஞ்சும்? அண்ணனுக்கு எதிரே தம்பியின் சிலை நிற்பதும் அதே வாதத்தின் தொடர்ச்சிதான்.

பக்கத்தில் இன்னொரு செப்புச் சிலை வேங்கடபதிராயருடையது. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் சிதைந்தபின், சந்திரகிரியில் இருந்து ஆண்டவர். ராஜ்ஜியம் சுருங்கச் சுருங்க, சாமியின் பெயர் பெரிதாகிக்கொண்டே போனது. அவர் வெளியிட்ட பொற்காசில் வேங்கடேசுவரனுக்கு வணக்கம் என்றே பொறித்தார்.

பணிவே ஆளும் உரிமை என்ற இதே செய்தியைக் கிருஷ்ணதேவராயர் கோபுரங்களாலும் பரப்பினார். காளஹஸ்தியின் பெரிய கோபுரம் 1516-இல் எழுந்தது. கலிங்க வெற்றியின் நினைவாகச் சிதம்பரத்தின் வடக்குக் கோபுரத்தையும் எழுப்பினார்; அங்கும் குல்லாயி அணிந்து, கைகூப்பி ஒரு மாடத்தில் நிற்கிறார். காளஹஸ்திக் கோபுரம் 2010 மே 26-ஆம் தேதி இரவு இடிந்து விழுந்தது. பல ஆண்டுகளாக விரிசல் விட்டிருந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். இப்போது நிற்பது புதிதாகக் கட்டியது. மலைமேல் அந்தச் செப்புச் சிலைகள் மட்டும் அன்று வடித்த முகத்தோடு இன்றும் நிற்கின்றன.

அடுத்த முறை மலைக்குப் போகும்போது, மகாத்துவாரத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் ஒரு கணம் திரும்புங்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தத் தொப்பியைக் காட்டுங்கள்.

(தொடரும்)