பின்னோக்கிச் சுழலும் சக்கரமும் அசையா மிதிகளும்
கோஸ்டர் தடைக் குடத்தைப் பிரீகோஸ்டராக மாற்றும் முறை

மிதிவண்டி சரிவில் இறங்கும்போது ஓட்டுபவர் கால்களை அசைக்காமல் வைத்திருந்தாலும் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஆனால் அதே வண்டியைப் பின்னோக்கித் தள்ளினால் மிதிகளும் பின்னோக்கிச் சுழலத் தொடங்கும். முன்னே செல்லுங்கால் சக்கரத்திற்கு விடுதலை அளிக்கும் ‘பிரீவீல்’ என்னும் அமைப்பு, பின்னே செல்லுங்கால் அதனை மிதிகளோடு பிணைத்துவிடுவதே இதற்குக் காரணமாகும்.

அன்றாடப் பயணத்தில் இது ஒரு குறையன்று. ஆயின் பி.எம்.எக்ஸ். எனப்படும் சிறு சக்கர மிதிவண்டிகளில் வித்தைகள் புரிவோர்க்கு இஃது ஓர் இடையூறாயிற்று. வண்டி பின்னோக்கி உருளுகையில் மிதிகள் அசையாதிருத்தல் வேண்டுமென அவர்கள் விரும்பினர். 1980களில் அமெரிக்க இளைஞர் சிலர், கோஸ்டர் தடை அமைந்த பின்சக்கரக் குடத்தைப் பிரித்து, அதன் உறுப்புகளை மாற்றி இவ்விருப்பத்தை நிறைவேற்றிக்கொண்டனர். இவ்வகைக் குடமே ‘பிரீகோஸ்டர்’ எனப்படுகிறது.

குடத்தின் உள்ளமைப்பு

மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டியை நிறுத்தும் தடையே கோஸ்டர் தடையாகும். நெதர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளில் இது நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது. இதில் பல வகைகள் உண்டு. மாற்றத்திற்கு ஏற்றது கூம்பு வகையாகும்.

இவ்வகையில், சங்கிலியால் சுழலும் பற்சக்கரத்தோடு இணைந்த உருளையின்மீது அகன்ற திருகு மறை வெட்டப்பட்டிருக்கும். அம்மறையில் ஒரு கூம்பு ஏறி இறங்கும். உருளையோடு சேர்ந்து கூம்பு வீணே சுழன்றுவிடாதபடி ஒரு சுருள்வில் அதனை மெல்லப் பற்றி நிற்கும். முன்னோக்கி மிதித்தால் கூம்பு மறைவழியே வலப்புறம் நகர்ந்து, குடத்தின் உட்புறச் சரிவில் ஆப்புப்போல் இறுகிச் சக்கரத்தைச் சுழற்றும். மிதிப்பதை நிறுத்தினால், சக்கரம் கூம்பை உருளையினும் விரைவாகச் சுழற்ற முயல்வதால் கூம்பு தானே விலகிவிடும். பின்னோக்கி மிதித்தால் அது இடப்புறம் நகர்ந்து தடைக்கட்டைகளை விரிக்கும். கட்டைகள் குடத்தின் உட்சுவரில் உராய்ந்து வண்டியை நிறுத்தும்.

மாற்றம்

மாற்றத்தின் முதற்படி தடைக்கட்டைகளை அகற்றுவதாகும். அவை இருந்த இடத்தில் தக்க நீளமுள்ள ஓர் உலோக வளையம் பொருத்தப்படுகிறது. கூம்பு இடப்புறம் எவ்வளவு தொலைவு நகரலாம் என்பதை இவ்வளையமே வரையறுக்கிறது. சுருள்வில்லை மட்டும் அகற்றலாகாது. அஃது இன்றேல் கூம்பு மறையில் நகராமல் உருளையோடு சேர்ந்து சுழலும். வண்டி முன்னேயும் செல்லாது. அவ்வில் அசையாத உறுப்பொன்றைப் பற்றி நிற்க வேண்டுமாதலால், குடத்தின் இடப்புறக் கரமும் வண்டிச் சட்டத்தோடு பிணைந்தே இருத்தல் நன்று.

இவ்வாறு அமைந்தபின், ஓட்டுபவர் மிதியைச் சிறிது பின்னோக்கி அசைத்தால் கூம்பு குடத்தை விட்டு விலகும். சுருள்வில் அதனை அங்கேயே நிறுத்திவைக்கும். குடத்தைத் தொட்டுத் தடுப்பது எதுவுமில்லாமையால் சக்கரம் எத்திசையிலும் தடையின்றிச் சுழலும். மிதிகள் அசைவற்று நிற்கும்.

இவ்வசதிக்கு ஒரு விலையுண்டு. மீண்டும் முன்னோக்கி மிதிக்கும்போது, கூம்பு குடத்தைச் சென்றடையும்வரை மிதி வீணே சுழலும். திருகு மறை ஒரு சுற்றுக்கு 24 மில்லிமீட்டர் முன்னேறுவதாகவும், இடைவெளி 2 மில்லிமீட்டர் எனவும் கொள்வோம். அப்போது பின்பற்சக்கரம் 30 பாகை வீணே சுழலும். முன்பற்சக்கரத்தில் 36 பற்களும் பின்பற்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பின், மிதியில் அது 15 பாகையாகும். வளையத்தை நீட்டி இடைவெளியைக் குறைத்தால் இவ்வீண் சுழற்சி குறையும். ஆனால் மிகக் குறைத்தால் கூம்பு குடத்தில் உரசி, பின்னே உருளும் வேளையில் திடீரெனப் பற்றிக்கொள்ளும். சறுக்கும் மிதி காலை வீழ்த்திவிடக்கூடும்.

தடையின்றிச் செல்லும் ஆபத்து

மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. மாற்றப்பட்ட குடத்தில் தடை என்பதே இல்லை. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனவும், வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் எனவும் கொண்டால், வண்டியின் இயக்க ஆற்றல் 1,000 ஜூல் ஆகும். நிறுத்தும்போது இவ்வாற்றல் பெரும்பாலும் வெப்பமாக மாற வேண்டும். கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்தில் 1976இல் தொடங்கிய மலைச்சரிவுப் பந்தயம் ஒன்றில், கோஸ்டர் குடங்களின் மசகு ஒரே இறக்கத்தில் எரிந்துபோயிற்று. ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் புது மசகு அடைக்க வேண்டியிருந்தமையால் அப்பந்தயத்திற்கு ‘ரீபேக்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. அத்துணை வெப்பத்தை ஏற்ற கட்டைகளை அகற்றுவோர், அப்பணியை வேறோர் உறுப்பிடம் ஒப்படைத்தல் இன்றியமையாதது.

எனவே முன்சக்கரத்திலும் பின்சக்கரத்திலும் கைப்பிடியால் இயங்கும் தடைகளைப் பொருத்தி, அவை செவ்வனே பற்றுகின்றனவா எனச் சோதித்த பின்னரே இக்குடத்தைப் பயன்படுத்தல் வேண்டும். ஜெர்மனியின் சாலை விதிகள் மிதிவண்டிக்கு ஒன்றையொன்று சாராத இரு தடைகள் வேண்டுமென வற்புறுத்துவதும் இப்பாதுகாப்பைக் கருதியேயாம்.