யார் கைகாட்டிய புத்தகம்?

1931-இல் ஈரோட்டிலிருந்து வந்த பெரியாரின் ‘குடிஅரசு’ வார இதழை வாங்கியவர்கள், மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையை அதில் பகுதி பகுதியாகத் தமிழில் படித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில், தான் நாத்திகன் ஆனது ஏன் என்று பகத்சிங் சிறையிலிருந்து எழுதிய கட்டுரை ப. ஜீவானந்தத்தின் (ஜீவா) மொழிபெயர்ப்பில் சிறுநூலாக வந்தது. அதற்காக ஜீவா கைதானார். 1936-இல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் எழுதி, மாநாடே ரத்தானதால் பேச முடியாமல் போன சாதி ஒழிப்பு உரையும் வெகு சீக்கிரம் தமிழுக்கு வந்துவிட்டது. ஆங்கிலம் தெரியாத நெசவாளிக்கும் மில் தொழிலாளிக்கும் இவையெல்லாம் கிடைத்தன. எதைப் படிப்பது என்ற தேர்வை அவர்களுக்காகச் சுயமரியாதை இயக்கம் செய்தது. அணாக் கணக்கில் விலை வைத்தது. எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்குப் படிப்பகத்திலோ டீக்கடை பெஞ்சிலோ யாராவது உரக்கப் படித்துக் காட்டினார்கள்.

பொதுவுடைமை இயக்கத்திலும் இதே கதைதான். 1951-இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்களை ஊர் ஊராகக் கொண்டுபோனது. பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்களின் மொழிபெயர்ப்பு, கெட்டி அட்டை, நல்ல தாள்; விலையோ அடக்கத்துக்கும் கீழே. கிளைத் தோழர் கையில் கொடுப்பதே அடுத்துப் படிக்க வேண்டிய புத்தகம். கொடுத்தவர் சும்மா இருக்கமாட்டார். அடுத்த வாரம் வந்து, என்ன புரிந்தது என்று கேட்பார். இந்தக் கேள்விக்குப் பயந்தே ஊன்றிப் படித்தவர்கள் ஒரு தலைமுறை.

அந்தத் தேர்வில் குறை இருந்தது. கட்சி வேண்டாம் என்று நினைத்த நூல் தொண்டரின் கண்ணில் படவே படாது. ட்ராட்ஸ்கியைத் திட்டத் தெரிந்த பலர் ட்ராட்ஸ்கியின் ஒரு பக்கத்தைக்கூடப் படித்திருக்கவில்லை. காந்தியை மறுத்தவர்களில் பலர் காந்தியை மறுப்புரைகளின் வழியாக மட்டுமே அறிந்திருந்தார்கள். அந்த வேலியைத் தாண்ட உதவியது பொது நூலகம். 1948-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்ததுதான் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். அதற்குப் பின்னால் நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடுநாள் உழைப்பு இருந்தது. சொத்து வரியோடு சேர்த்து வசூலித்த நூலக வரியில், எதிரெதிர்க் கட்சிக்காரர்களின் நூல்கள் ஒரே அலமாரியில் வந்து நின்றன.

இன்று கைகாட்டுபவர் இல்லை. 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இப்போது நூற்றுக்கணக்கான அரங்குகளாக வளர்ந்திருக்கிறது. மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. பெரியாரும் அம்பேத்கரும் மார்க்ஸும் இல்லாத வரிசை இல்லை. நாட்டுடைமை ஆகிவிட்ட அண்ணாவின் எழுத்துகளை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஒரே நூல் நான்கு அட்டைகளில் நான்கு விலையில் கிடக்க, முதன்முதலாக அரசியல் படிக்க வந்த கல்லூரி மாணவி, யூடியூபில் யாரோ சொன்ன பெயரை வைத்துக்கொண்டு அவற்றின் முன்னால் தனியாக நிற்கிறாள். விலை குறைந்ததை எடுப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பதிப்புகளுக்குள் உள்ள வேறுபாட்டை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அந்த வேறுபாடு சின்னதல்ல. அம்பேத்கரின் சாதி ஒழிப்பு நூலையே எடுத்துக்கொள்வோம். அதை 1936-இல் தன் செலவில் அச்சிட்டார். காந்தி அதை ‘ஹரிஜன்’ இதழில் விமர்சித்தார். 1937-இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் விமர்சனத்தையும் தன் பதிலையும் அம்பேத்கரே சேர்த்தார். எதிராளியின் வாதத்தைத் தன் புத்தகத்துக்குள்ளேயே வைத்து வாசகர் முடிவுக்கு விட்ட அந்த நேர்மை, அந்தப் பகுதி விடுபட்ட மலிவுப் பதிப்பை வாங்குபவருக்குத் தெரியாமலே போகும். ஆகவே வாங்குமுன் பின்பக்கங்களைப் புரட்டி, அந்த விவாதம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரியாரைத் தேர்ந்தெடுப்பது இன்னும் கடினம். 1925-இல் ‘குடிஅரசு’ தொடங்கியதிலிருந்து 1973-இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு எழுதியும் பேசியும் வந்தவர். காங்கிரசைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் அவருடைய நிலை காலத்துக்குக் காலம் மாறியது. நாள் குறிப்பிடாத மேற்கோள் தொகுப்பு ஒரே பெரியாரைத்தான் காட்டும். வே. ஆனைமுத்து 1974-இல் திருச்சியிலிருந்து மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்த ‘பெரியார் ஈ.வெ.ரா. சிந்தனைகள்’ எந்த இதழில், எந்த நாளில் என்ற குறிப்போடு வந்தது. இன்றும் நான் முதலில் பரிந்துரைப்பது அந்த வகைத் தொகுப்பைத்தான். தேதி இருந்தால்தான், அவர் ஏன் மாறினார் என்ற கேள்வியே எழும்.

மொழிபெயர்ப்பு என்றால் மூலம் வந்த ஆண்டைத் தேடிப் பாருங்கள். எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பமும் அரசியலும் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1992-இல் வந்தது. பூ.கொ. சரவணனின் மொழிபெயர்ப்பில் அது ‘பிம்பச் சிறை’யாகத் தமிழுக்கு வர 2016 ஆகிவிட்டது. 24 ஆண்டுகள். தமிழரைப் பற்றிய ஆய்வு தமிழரிடம் வந்து சேர இவ்வளவு காலம் ஆனது எனக்கு வருத்தம்தான். 1931-இல் வார இதழ் ஒன்று செய்த வேலையை, இத்தனை பதிப்பகங்கள் உள்ள இன்று நாம் அதே வேகத்தில் செய்யவில்லை.

கட்சி அரங்கில் வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை, நானும் வாங்குகிறேன். அங்கே ஒன்று வாங்கினால், அதை மறுப்பவரின் அரங்கிலும் ஒன்று வாங்குவது என் வழக்கம். அடிக்குறிப்பும் சொல்லடைவும் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஆதாரம் காட்டாமல் அடித்துப் பேசும் நூலை, அது என் கட்சியைப் புகழ்ந்தாலும், வைத்துவிடுவேன். தமிழ்ப் பதிப்பாளர்களில் பலர் ஆய்வு நூலுக்குக்கூடச் சொல்லடைவு போடுவதில்லை. 400 பக்க நூலில் இடஒதுக்கீடு பற்றி எங்கே பேசியிருக்கிறது என்று தேட, முழுப் புத்தகத்தையும் மறுபடி புரட்ட வேண்டியிருக்கிறது. மேலட்டையில் காட்டும் அக்கறையில் பாதியைக் கடைசிப் பத்துப் பக்கங்களில் காட்டினால் போதும். மூல நூலின் பெயர், ஆண்டு, எந்தப் பதிப்பிலிருந்து மொழிபெயர்த்தது, எதை விட்டது ஆகியவற்றையும் உள்பக்கத்தில் அச்சிட வேண்டும். அப்படிச் செய்தால், அந்த மாணவி கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் நான்கு பதிப்புகளையும் ஒப்பிட்டுவிடுவாள்.