வாங்கிய மென்பொருள் வாடகைக்கு மாறும்போது

பில்லில் நிரந்தர லைசென்ஸ் என்று இருக்கிறது. பணத்தையும் மொத்தமாகக் கட்டியாகிவிட்டது. சில வருடங்களில் விற்ற கம்பெனி கை மாறுகிறது. இனி சந்தாவாக மட்டுமே தருவோம் என்கிறது புது நிர்வாகம். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி முடித்த மறுமாதமே அதன் வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்தது இதுதான்.

1998இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய விஎம்வேர், ஒரே சர்வருக்குள் பல சர்வர்களை ஓட்டும் மெய்நிகராக்க மென்பொருளால் பெயர் பெற்றது. கிளவுட் சேவைகளின் அடித்தளமும் மெய்நிகராக்கம்தான். ஆனால் சொந்தமாக கிளவுட் நடத்த இறங்கியபோது விஎம்வேரால் கால் ஊன்ற முடியவில்லை. 2013இல் தொடங்கிய சேவைக்கு அடுத்த ஆண்டு விகிளவுட் ஏர் என்று பெயர் மாற்றியது. 2017இல் அதை பிரான்சின் ஓவிஎச் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அதே ஆண்டு அமேசானின் சர்வர்களில் தன் மென்பொருளை ஓட்டும் இன்னொரு கிளவுட் சேவையைக் கொண்டுவந்தது. 2024 ஏப்ரலுக்குப் பிறகு அதை அமேசான் விற்பதில்லை. பிராட்காமிடம்தான் வாங்க வேண்டும். சேவை நிற்கவில்லை. விற்பவர்தான் மாறினார், நிபந்தனைகளும் மாறிக்கொண்டே இருந்தன. கிளவுட் என்றதும் எல்லோரும் ஹேக்கரை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஒப்பந்தத்தைப் பார்த்தும் கொஞ்சம் பயப்படலாம்.

நிரந்தர லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அந்தப் பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமை உண்டு. ஆனால் அப்டேட்டும் தொழில்நுட்ப ஆதரவும் தனிக் கணக்கு. அந்த ஆதரவைப் புதுப்பிக்க பிராட்காம் மறுத்தது. ஆதரவு முடிந்த பிறகு வெளியான அப்டேட்டைப் போட்டிருந்தால் நீக்குங்கள் என்று 2025இல் பலருக்குக் கடிதமும் அனுப்பியது. மிக ஆபத்தான பாதுகாப்பு ஓட்டைகளுக்கான பேட்ச் மட்டும் இலவசம் என்று 2024 ஏப்ரலில் அறிவித்திருந்தது. பேட்ச் சின்ன விஷயம் அல்ல. 2023 பிப்ரவரியில் உலகெங்கும் விஎம்வேர் சர்வர்களைப் பூட்டிப் பணம் கேட்ட தாக்குதல் நுழைந்தது, இரண்டு வருடம் முன்பே பேட்ச் வந்துவிட்ட பழைய ஓட்டை வழியாக என்றே கருதப்பட்டது. ஆகவே பழைய லைசென்ஸ் இருந்தால் பில், லைசென்ஸ் சான்று, அன்றைய ஒப்பந்தத்தின் நகல், ஆதரவு முடிந்த தேதி நான்கையும் ஒரே ஃபைலில் வையுங்கள். நாளை கடிதம் வந்தால் அதுதான் பேசும்.

இந்த ஆதரவு மறுப்பை எதிர்த்து அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் 2024இல் பிராட்காம் மீது வழக்குப் போட்டு, அந்த ஆண்டே சமரசம் செய்துகொண்டது. நெதர்லாந்தில் சாலை, நீர்வழிகளைக் கவனிக்கும் அரசுத் துறைக்கு, வேறு மென்பொருளுக்கு மாறும்வரை இரண்டு ஆண்டுகள் வரை ஆதரவு தர வேண்டும் என்று 2025 ஜூனில் அங்குள்ள நீதிமன்றம் பிராட்காமுக்கு உத்தரவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் உள்ள தரவுச் சட்டப்படி, கிளவுட்டை விட்டு விலக இரண்டு மாதத்துக்கு மேல் நோட்டீஸ் கேட்கக் கூடாது. 2027 ஜனவரி 12 முதல் இடமாற்றக் கட்டணமே வாங்கக் கூடாது.

இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்றால், வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலில் பிழைப்பு நடத்துபவருக்கு மட்டும் விலக்கு உண்டு. சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிடலாம். சிறு கம்பெனிக்கு அது நீண்ட வழி. மறுபக்கம், பொறுப்பு மட்டும் நம் தலையில்தான். வாடிக்கையாளரின் தனிப்பட்ட தரவு கிளவுட் கம்பெனியிடம் இருந்தாலும், 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேள்வி கேட்கப்போவது அதைச் சேகரித்த உங்களை. இணையத் தாக்குதல் நடந்தால், தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

எனவே பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன். பெரும்பாலோர் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். வெளியேறும் ஷரத்தைப் படிப்பவர் குறைவு. ஆண்டு விலை உயர்வுக்கு உச்சவரம்பு, கம்பெனி கை மாறினாலும் பழைய நிபந்தனைகளே நீடிக்கும் என்ற வாசகம், விலகும்போது தரவு எந்த வடிவில் எத்தனை நாளில் கிடைக்கும், அதை இறக்க என்ன கட்டணம், பிறகு அங்குள்ள நகலை அழித்ததற்குச் சான்று ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். சேவை முடங்கினால் இழப்பீடு என்று இருந்தாலும் பெரும்பாலும் அது அடுத்த பில்லில் கழிவுதான்.

திரையில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தி வாங்கும் சின்னச் சந்தாக்களில் இந்தப் பேரத்துக்கு இடமில்லை. அங்கே பேக்கப் ஒன்றை வேறு இடத்தில் வைத்து, வருடத்துக்கு ஒரு தடவையாவது அதை வேறொரு சர்வரில் ஏற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தாவென்றால், புதுப்பிக்கும் தேதியை மட்டுமல்ல, விலகுவதாகச் சொல்ல வேண்டிய கடைசி நாளையும் காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம்.